கன்னம் காட்டப் போனவர்

ஆணிக்காரர் கன்னத்தில் அறை வாங்கியபோது அவருடைய இரண்டு கையிலும் ஒரு பெட்டி இருந்தது. மூன்று அங்குல ஆணி, முழுப் பெட்டி, பிணக் கனம். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்த கூத்துக்கெல்லாம் அந்தப் பெட்டிதான் பொறுப்பு. கை காலியாக இருந்திருந்தால் அவர் அந்த நொடியே திருப்பிக் கொடுத்திருப்பார். இரண்டு சட்டை கிழிந்திருக்கும், நாலு பேர் விலக்கிவிட்டிருப்பார்கள், மறுநாள் கடைத்தெரு வேறு பேச்சுக்குப் போயிருக்கும். ஆனால் பெட்டியைக் கைவிட்டால் கால் நசுங்கும். அவர் மெல்லக் குனிந்து அதைத் தரையில் வைத்து நிமிர்வதற்குள், அடித்தவனை அவன் கடை ஆட்கள் எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கடைத்தெரு பார்த்தது என்ன? ஒரு மனிதர் நடுத்தெருவில் அறை வாங்கினார். கையில் இருந்ததைப் பதறாமல் கீழே வைத்தார். நிமிர்ந்து நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை.

"இதுக்குப் பேர்தான்யா பக்தி," என்றார் பக்கத்துப் பெயிண்ட் கடைக்காரர். "நானா இருந்தா அவன் பல்லை எண்ணியிருப்பேன். இவர் பாரு, மறு கன்னத்தைக் காட்டுற ஜாதி."

அறையை விட இதுதான் அதிகம் எரிந்தது. ஆணிக்காரர் கிறிஸ்தவ சபையில் முன் வரிசைக்காரர், அது உண்மை. ஆனால் அந்த நேரத்தில் அவர் மனதில் பக்தி துளிகூட இல்லை. தன்னை அடித்த எதிர்க்கடைக்காரனின் மூக்கு எந்த இடத்தில் எளிதாக உடையும் என்ற யோசனைதான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் தெருவே சேர்ந்து அவர் தலையில் பொறுமைசாலிப் பட்டத்தைக் கட்டிவிட்டது. இனிமேல் கை ஓங்கினால், அடித்தவனை விட அவர்தான் கெட்டவர்.

அடி எதற்கு என்றும் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் எதிரெதிரே இரும்புச் சாமான் கடை. அந்தத் தெருவில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: வாடிக்கையாளர் ஒரு கடைப் படியில் கால் வைத்துவிட்டால், அவர் இறங்கும்வரை வேறு கடைக்காரன் வாய் திறந்து கூப்பிடக் கூடாது. ஆணிக்காரர் வாய் திறக்கவில்லை. ஒரு கட்டட மேஸ்திரி எதிர்க்கடைப் படியில் நின்றபோது, இவர் புதிதாக வந்த பித்தளைக் கீல் ஒன்றைத் துடைத்து, வெயிலில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். தன் கடையில் தன் கீலைப் பார்க்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? பளபளப்பு மேஸ்திரியின் கண்ணில் போய் விழுந்தது என்றால் அது சூரியனுடைய பொறுப்பு. மேஸ்திரி இறங்கி வந்து ஒரு வீட்டுக்குத் தேவையான அத்தனை கதவுச் சாமானையும் வாங்கினார். ஆணிப்பெட்டியை மேஸ்திரியின் வண்டியில் ஏற்றத் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் எதிர்க்கடைக்காரன் தெருவைத் தாண்டி வந்து, கன்னத்தில் விட்டான் ஒன்று.

அன்று மாலையே ஆணிக்காரர் மச்சானைப் பார்க்கப் போனார். மச்சான் என்றால் மனைவியின் தம்பி, சபையின் போதகர். ஆராதனைக் கூடத்துக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறையில் நாற்காலிகளின் கால்களை இறுக்கிக்கொண்டிருந்தார். திருகாணிகள் அத்தான் கடையில் வாங்கியவை, முழு விலைக்கு.

"மச்சான், வேதத்துல சொல்லியிருக்கிறது வலது கன்னம்தானே?"

"வலதுதான்."

"உலகத்துல முக்கால்வாசிப் பேர் வலது கைக்காரன். வலது கையால அறைஞ்சா விழறது இடது கன்னத்துல. அப்போ என் கேஸ் இதுல வராது."

"உங்களுக்கு எந்தக் கன்னத்துல விழுந்துச்சு?"

ஆணிக்காரர் தன் கன்னத்தைத் தடவினார். தெருவிலேயே இடது கைக்காரன் அவன் ஒருத்தன்தான்.

"வலது," என்றார் கசந்துபோய்.

மச்சான் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். "அப்போ உங்களுக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு அத்தான்."

"சரி, மறு கன்னத்தைக் காட்டறேன்னு வை. அதுலயும் அடிச்சுட்டான். மூணாவது கன்னம் எனக்குக் கிடையாது. அதுக்கப்புறம் என்ன?"

"அதுக்கப்புறம்னு ஒண்ணும் சொல்லல."

"சொல்லாத இடம் என் இடம். வாங்கறவன் கேட்காததை விக்கிறவன் தர வேண்டியதில்ல."

"அத்தான், இது கடை வாடகை ஒப்பந்தம் இல்ல, ஓட்டை தேடறதுக்கு. ரெண்டு கன்னம்னு சொன்னது எண்ணிக்கைக்காக இல்ல. அவன் ஆரம்பிச்சதை நீங்க தொடராதீங்கன்னு அர்த்தம்."

"அப்போ நாளைக்கு அவன் கடைக்குள்ள புகுந்து உன் அக்காவை அடிக்க வந்தா? அவ கன்னத்தையும் சேர்த்து நானே காட்டணுமா?"

இதற்கு மச்சான் சிரிக்கவில்லை. திருப்புளியைக் கீழே வைத்தார்.

"உங்க கன்னத்தைத்தான் நீங்க காட்டலாம். அடுத்தவங்க கன்னத்தைக் காட்ட உங்களுக்கு உரிமை இல்ல. அக்காவை அடிக்க வந்தா குறுக்க நில்லுங்க, கையைப் பிடிங்க, தள்ளுங்க. உங்க உயிருக்கே ஆபத்து வந்தாலும் தடுங்க, முடிஞ்சா ஓடுங்க. அடியை நிறுத்த எவ்வளவு வேணுமோ அவ்வளவு. அடி நின்னதுக்கப்புறம் உங்க கை அசைஞ்சுதுன்னா, அதுக்குப் பேரு தடுக்கிறது இல்ல, பழி தீர்க்கிறது. அது நம்ம கடையில விக்கிற சரக்கு இல்ல."

"தீர்த்துட்டா?"

"அவர்கிட்ட போய்ச் சமாதானம் ஆகிட்டு வாங்க. அதுவரைக்கும் திருவிருந்துத் தட்டு உங்களைத் தாண்டித்தான் போகும். கொண்டுபோறது நான்தான், அத்தான்னு பார்க்க மாட்டேன்."

இது ஆணிக்காரரை உண்மையாகவே அசைத்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் ஞாயிறுதோறும் வாங்கும் அந்த அப்பத்தைத் தவறவிட்டதில்லை. முன் வரிசையில் மானம் போகும் என்பது ஒரு பக்கம். இன்னொன்று, யாரிடமும் சொல்ல மாட்டார்: அந்தச் சின்ன அப்பத் துண்டு நாக்கில் கரையும் நேரம்தான் வாரத்திலேயே அவர் யாருக்கும் எதையும் விற்காத நேரம். அதை இழக்க மனமில்லை. பழியை விடவும் மனமில்லை. இரண்டும் வேண்டும். நல்ல வியாபாரிக்கு இரண்டும் கிடைக்கும் ஒரு வழி இருந்தே தீர வேண்டும்.

வீட்டுக்கு நடந்து வரும்போதே வழி கிடைத்துவிட்டது.

மறுநாள் உச்சி வெயிலில், தெருவில் கூட்டம் நெரியும் நேரமாகப் பார்த்து, ஆணிக்காரர் தலையைச் சீவிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார். படிக்குக் கீழே நின்று, முகத்தை வலப்பக்கம் திருப்பி, இடது கன்னத்தை நீட்டினார்.

"என்ன?" என்றான் எதிர்க்கடைக்காரன்.

"மறு கன்னம்."

"எதுக்கு?"

"எங்க போதனை. ஒண்ணுல நீ அடிச்சிட்ட, இன்னொண்ணைக் காட்டணும். உனக்கு எப்போ சௌகரியமோ அப்போ அடி. எனக்கு அவசரமில்ல."

கடையில் தாழ்ப்பாள் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கையில் இருந்ததை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். எதிர்க்கடைக்காரன் முகம் சிவந்தது. "யோவ், போய் வேலையைப் பாருய்யா," என்றான். ஆணிக்காரர் பதவிசாகக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். உள்ளுக்குள் தேன் ஒழுகியது.

அதற்கடுத்த நாளும் போனார். அதற்கடுத்த நாளும். மழை பெய்தால் குடையோடு போனார். எதிர்க்கடைக்காரன் உள்ளறைக்குள் ஒளிந்தால் பொறுமையாகக் காத்து நின்றார். கேட்பவர்களுக்கெல்லாம் குரலைத் தாழ்த்தி, "நான் மன்னிச்சு ரொம்ப நாளாச்சுங்க, இது பாக்கி இருக்கிற கடமை மட்டும்தான்," என்றார். தெரு அவரை இன்னும் புகழ்ந்தது. எதிர்க்கடைப் படியில் ஏற ஜனங்களுக்குக் கூச்சமாக இருந்தது. இப்படிப்பட்ட சாந்தசொரூபியை அடித்தவன் கடையிலா திருகாணி வாங்குவது என்று இந்தப் பக்கம் வந்தார்கள். ஆணிக்காரர் கணக்கு இரண்டு வாய்க்கால் வெட்டியிருந்தது. அவன் பொறுமை இழந்து மறு கன்னத்திலும் அடித்தால், கன்னங்கள் தீர்ந்தன, அப்புறம் கை சும்மா இருக்காது. அடிக்காவிட்டாலும் நஷ்டமில்லை. அவன் தினம் தினம் வேகிறான்.

மனைவி மட்டும் ஏமாறவில்லை. கல்லாவில் உட்கார்ந்து எதிர்ப்பக்கம் பார்ப்பவள் அவள்தான்.

"நீங்க போய்க் கன்னத்தையா காட்டறீங்க?"

"வேற என்ன?"

"பல்லைக் காட்டறீங்க. கடிக்கப் போற நாய் காட்டற மாதிரி."

"உன் தம்பி சொன்னதைத்தானே செய்யறேன்."

"அவன் சொன்னது வலிக்கிறவனுக்கு. நீங்க வலிக்க வைக்கப் போறீங்க. என்கிட்ட விக்காதீங்க, நான் இந்தக் கடையிலதான் உக்காந்திருக்கேன்."

ஒரு நாள் எதிர்க்கடைக்காரனின் மனைவியே வந்தாள். சாமான் வாங்குகிற மாதிரி ஒரு கைப்பிடியை எடுத்துப் பார்த்தபடி, குரல் எழும்பாமல் பேசினாள்.

"அண்ணே, போதும்ணே. அவர் சரியாச் சாப்பிடறதில்ல. காலையில கடை திறக்கவே பயப்படறார். அவர் கோபக்காரர்தான். செஞ்சது தப்புதான். நான் வேணா மன்னிப்புக் கேக்கறேன்."

"நீங்க எதுக்கும்மா கேக்கணும்? எனக்கு யார் மேலயும் கோபம் இல்லையே," என்றார் ஆணிக்காரர், வெண்ணெய் தடவிய குரலில். "கன்னம் ஒண்ணு மிச்சம் இருக்கு, அவ்வளவுதான்."

அவள் கைப்பிடியை வைத்துவிட்டுப் போனாள். அவள் தெருவைத் தாண்டும்வரை ஆணிக்காரர் அவளுடைய முதுகையே பார்த்தார். பிறகு அந்தக் கைப்பிடியைத் துடைத்து மறுபடி அடுக்கினார். மதியம் வழக்கம்போலத் தலையைச் சீவிக்கொண்டு கிளம்பினார்.

கிளம்பினார், ஆனால் போய்ச் சேரவில்லை. எதிர்க்கடைக்காரன் அவனே வந்துகொண்டிருந்தான். மனைவி இங்கே வந்து கெஞ்சியது அவன் காதுக்கு எட்டியிருக்கிறது. செருப்பில்லாமல் வந்தான். கண் இரண்டும் தூங்காத சிவப்பு. உள்ளே நுழைந்ததும் சுவரில் அளவு வாரியாகத் தொங்கிய சுத்தியல்களில் ஒன்றை உருவினான். ஆணிக்காரர் கடையின் சரக்கு, நல்ல பிடி போட்டது.

"என் பொண்டாட்டியை உன் வாசல்ல நிக்க வச்சிட்டியே. எங்கடா உன் கன்னம்?"

கல்லாவில் இருந்த மனைவி எழுந்து நடுவில் வந்தாள். "அண்ணே, கீழ போடுங்க," என்றாள். அவன் கண்ணில் அவள் படவே இல்லை. சுத்தியல் மேலே போனது.

அந்தக் கணத்தில் ஆணிக்காரர் எதையும் யோசிக்கவில்லை. வேதமும் இல்லை, வியாபாரமும் இல்லை. மனைவியைத் தோளால் தள்ளிவிட்டுக் குறுக்கே புகுந்து, இறங்கி வந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தார். வாழ்நாள் முழுக்க இரும்பு தூக்கிய கை. முறுக்கினார். சுத்தியல் விழுந்தது. காலால் அதை அலமாரிக்கு அடியில் உதைத்தார். இருவரும் மோதியதில் வாஷர் டப்பா கவிழ்ந்து, சில்லென்று தரையெங்கும் வட்டங்கள் ஓடின. எதிர்க்கடைக்காரனின் வெறுங்கால் அதில் வழுக்கியது. முழங்கால் இரண்டும் தரையில் அடிக்க விழுந்தான். விழுந்தவன் எழவில்லை. மூச்சு மட்டும் வாங்கியது.

முடிந்துவிட்டது. மனைவி பத்திரம். சுத்தியல் எட்டாத இடத்தில். அவன் கையில் வலு இல்லை. பேரம் படிந்துவிட்டது என்று வியாபாரிக்கு உடம்பே சொல்லும், அப்படித் தெளிவாக ஆணிக்காரருக்குத் தெரிந்தது: அடி நின்றுவிட்டது. இதுவரைக்கும் செய்தது அத்தனையும் சரி. இதற்கு மேல் ஒரு விரல் அசைந்தாலும் வேறு கணக்கு.

வாசலில் கூட்டம் கூடிவிட்டது. பெயிண்ட் கடைக்காரர் முன்னால் நின்றார்.

எதிர்க்கடைக்காரன் முழங்காலில் இருந்தபடியே நிமிர்ந்து பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பிக் கன்னத்தை நீட்டினான். ஆணிக்காரர் நாள்தோறும் நீட்டியதே போல.

"அடி," என்றான். "ஒண்ணு அடிச்சுட்டு விட்டுடு. நாளைக்கு வராத. சத்தியமா உன்னைக் கேக்கறேன், அந்தக் கன்னத்தைத் தூக்கிக்கிட்டு நாளைக்கு வராத."

"என்னங்க," என்றாள் மனைவி. அந்த ஒரு சொல்தான்.

ஆணிக்காரர் காதில் அது விழுந்தது. மச்சான் சொன்னதும் நினைவில் இருந்தது. எல்லாம் தெரிந்துதான் அடித்தார். தோளிலிருந்து கையைச் சுழற்றி, இத்தனை நாள் உள்ளங்கையில் ஊறிக்கிடந்த அரிப்பு முழுவதையும் சேர்த்து விட்டார். தெருமுனை வரை கேட்டிருக்கும். கை சூடாக எரிந்தது. அவ்வளவு இனிப்பாக அவர் வாழ்க்கையில் எதுவும் இருந்ததில்லை.

எதிர்க்கடைக்காரன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தான். முகத்தில் கோபம் இல்லை. பாரம் இறக்கியவனின் முகம். சட்டையில் ஒட்டிய வாஷர்களைத் தட்டிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு தன் கடைக்குப் போனான். யாரும் ஆணிக்காரரைப் புகழவில்லை. பெயிண்ட் கடைக்காரர், "விழுந்து கிடந்தவனை," என்று ஆரம்பித்து, முடிக்காமல் நகர்ந்தார். மனைவி குனிந்து தரையில் கிடந்ததைப் பொறுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன் மச்சான் கடைக்கு வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கையைப் பிடிச்சீங்க, தள்ளினீங்க. அதுல யாரும் ஒரு குத்தம் சொல்ல முடியாது. நானா இருந்தா நானும் செஞ்சிருப்பேன். அதுக்கப்புறம் ஒண்ணு விட்டீங்களாமே, அது எதைத் தடுக்கிறதுக்கு?"

"அவனே கேட்டான் மச்சான். அடின்னு வாய் விட்டுக் கேட்டான். ஊரே சாட்சி."

"கேட்டவங்களுக்கெல்லாம் கொடுக்கிற ஆளா நீங்க? இந்தக் கடையில ஒரு ஆணி யாருக்காவது சும்மா கொடுத்திருக்கீங்களா?"

ஆணிக்காரர் எடைக்கல்லை நகர்த்தி நகர்த்தி வைத்தார்.

"எப்படி இருந்துச்சு?" என்றார் மச்சான். குரலில் கேலி இல்லை.

"பொய் சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

"ரொம்ப நல்லா இருந்துச்சு. இப்பவும் நினைச்சா நல்லாத்தான் இருக்கு. அதுதான் பிரச்னை."

"அவர்கிட்ட போங்க அத்தான்."

"வருத்தம் வரட்டும், போறேன்."

"வருத்தம் வர்ற வரைக்கும் காத்திருந்தா நீங்க செத்துத்தான் போகணும். காலை முதல்ல அனுப்புங்க, மனசு பின்னால வரும். வரலைன்னாலும் கால் போயிருக்கும்ல."

அவர் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை முன் வரிசையில் உட்கார்ந்தார். மச்சான் சொன்னபடியே தட்டு அவரிடம் வந்தது, நிற்காமல் மனைவியிடம் போனது. சபையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவர் முறைத்திருக்கலாம், அதற்கும் வழியில்லை. நாக்கு சும்மா கிடந்தது. அந்த நேரம் முழுக்க அவர் மனது எதையோ விற்க முயன்றுகொண்டே இருந்தது: அவன்தான் முதலில் அடித்தான், சுத்தியல் எடுத்தவன் அவன், கேட்டவன் அவன். எல்லாம் நல்ல சரக்குதான். வாங்குவதற்குத்தான் ஆள் இல்லை.

திங்கட்கிழமை உச்சி வெயிலில் ஆணிக்காரர் தெருவைத் தாண்டினார். தலை சீவவில்லை. பாதித் தெருவிலேயே திரும்பிவிடலாமா என்று கால் இழுத்தது. அவன் மேல் இருந்த கோபம் ஒரு குன்றிமணி அளவுகூடக் குறைந்திருக்கவில்லை.

எதிர்க்கடைக்காரன் படியின் மேல் நின்று சங்கிலி அளந்துகொண்டிருந்தான். இவர் வருவதைப் பார்த்ததும் அவன் இடது கை தானாக மேலே போனது. ஆணிக்காரர் அடுத்த அடி எடுத்து வைக்காமல் நின்றார். ஆனால் கை ஓங்குவதற்குப் போகவில்லை. தன் முகத்தை மறைக்கப் போனது.

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. எத்தனையோ ராத்திரி கண்ணை மூடிக் கற்பனை செய்து மகிழ்ந்த காட்சிதான் இது. நேரில் பார்த்தபோது அவர் தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"அடிக்க வரல," என்றார்.

"கன்னமா?" என்றான் அவன். சங்கிலி கையிலேயே இருந்தது.

"இல்ல. அதுவும் இல்ல."

"பின்ன என்ன?"

கடைக்குள்ளிருந்து அவன் மனைவி எட்டிப் பார்த்தாள். ஆணிக்காரர் தொண்டையைச் செருமினார். இந்த ஒரு சொல்லை அவர் யாருக்கும் விற்றதில்லை. விலையும் தெரியாது.

"நீ விழுந்ததுக்கப்புறம் அடிச்சது தப்பு. அதுக்கு முன்னாடி தினம் வந்து நின்னேனே, அதுவும் அடிதான். மன்னிச்சுடு."

முனகலாகத்தான் வந்தது. எதிர்க்கடைக்காரன் கையை முகத்திலிருந்து இறக்கினான். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். பெயிண்ட் கடைக்காரர் வாசலுக்கு வந்துவிட்டார். அவன் கண்ணில் பழைய வியாபாரி எழுந்து உட்கார்ந்தான்.

"கேக்கல," என்றான். "தினம் ஊருக்கெல்லாம் கேக்கற மாதிரிதானே நின்ன. இப்பவும் அப்படிச் சொல்லு."

ஆணிக்காரரின் விரல்கள் மடங்கின. படி ஒன்றுதான், ஏறினால் கை எட்டும். பல்லைக் கடித்தார். பிறகு வாயைத் திறந்து, தெருமுனை வரை கேட்கும்படி, ஒரு சொல் விடாமல் அத்தனையும் மறுபடி சொன்னார். கடைகளில் பேரம் நின்றது. காது இரண்டும் கொதித்தன. சொல்லி முடித்துவிட்டு, அவன் முகத்தையே பார்த்தபடி நின்றார்.

மூன்றாவது தடவை சொல்லச் சொல்லிக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. எதிர்க்கடைக்காரன் கேட்கவில்லை.